ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட்: கோவைப் பஞ்சாலைகளில் மின்சிக்கனத்தின் வரலாறு

பருத்தியை நூலாக்கும் ஆலையில் பஞ்சின் விலைக்கு அடுத்தபடியாகக் கணக்கேட்டில் கனத்து நிற்பவை கூலியும் எந்திரங்களை ஓட்டும் ஆற்றலுக்கான செலவுமே ஆகும். இவற்றுள் ஆற்றலுக்கான செலவு, லங்காஷயர் போன்ற நிலக்கரி வட்டாரங்களில் ஆலை கட்டியோருக்குத் தொடக்கத்தில் பெருங்கவலையாக இருந்ததில்லை. சுரங்கம் பக்கத்திலேயே இருந்தமையால் கரியை அள்ளிக் கொதிகலனில் போடுவதே அங்கு வழக்கமாயிற்று. கோயம்புத்தூரின் நிலைமை இதற்கு நேர்மாறானது. கரிசல் மண்ணும், கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தியும், நூலை வாங்கக் காத்திருந்த கைத்தறி ஊர்களும் அங்கு இருந்தன. எரிபொருள் மட்டும் இல்லை. அந்நகரின் பஞ்சாலைகள் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட வரலாறு இந்த இல்லாமையிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் பற்றாக்குறை மட்டுமே சிக்கனத்தைக் கற்பித்துவிடவில்லை என்பதையும், செலவை எந்திரவாரியாக அளந்து பிறரோடு ஒப்பிட்ட பிறகே அது கைவந்தது என்பதையும், அவ்வாறு மிச்சமான ஆற்றலில் பெரும்பங்கு வேறொன்றுக்குச் செலவானது என்பதையும் அதே வரலாறு காட்டுகிறது.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்ஸ், மக்கள் வழக்கில் ஸ்டேன்ஸ் மில், அவ்வூரின் முதல் பஞ்சாலை. அடுத்த நாற்பது ஆண்டுகளில், 1910இல் குப்புசாமி நாயுடு நிறுவிய லட்சுமி மில் உட்பட, விரல்விட்டு எண்ணத்தக்க ஆலைகளே அங்கு எழுந்தன. பஞ்சும் ஆளும் கையருகே இருந்தும் ஆலைகள் பெருகாமைக்குப் பல காரணங்கள் உண்டெனினும், அவற்றுள் நீராவி முதன்மையானது. சென்னை மாகாணத்தின் தென்பகுதியில் அக்காலத்தில் தோண்டி எடுக்கத்தக்க நிலக்கரி எதுவும் இல்லை. வங்காள, பீகார்ச் சுரங்கங்களிலிருந்தோ ஐதராபாத் சமஸ்தானத்துச் சிங்கரேணியிலிருந்தோ வரவேண்டிய கரி, கொங்கு நாட்டுக்கு வந்து சேர்வதற்குள் சரக்குக் கூலியைத் தலையில் ஏற்றிக்கொண்டே வந்தது.

அத்தனை தொலைவு கடந்து வந்த கரி ஆலைக்குள் எவ்வாறு செலவழிந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கொதிகலனில் கரி எரிந்து எழுப்பிய நீராவி எஞ்சினின் உந்தைத் தள்ள, உந்து ஒரு பெருஞ்சக்கரத்தைச் சுழற்றியது. அச்சக்கரத்தின் விளிம்பில் வெட்டிய பள்ளங்களில் பருத்தி வடங்கள் ஓடி, ஆலைக்குள் கூரையை ஒட்டி நெடுகப் படுத்திருந்த இரும்புத் தண்டுகளைத் திருப்பின. அத்தண்டுகளில் பூட்டிய கப்பிகளிலிருந்து தோல் பெல்ட்டுகள் கீழிறங்கி ஒவ்வோர் எந்திரத்தையும் ஓட்டின. கரியில் அடங்கிய வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே எஞ்சினின் தண்டுக்குச் சுழற்சியாக வந்து சேர்ந்தது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் செலவழிந்த நீராவியோடும் போயிற்று. வந்து சேர்ந்த அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் ஏறத்தாழ நாலில் ஒரு பகுதியைத் தண்டுகளின் தாங்கிகளும், வழுக்கும் பெல்ட்டுகளும், காற்றை அறையும் கப்பிகளும் உராய்விலேயே தின்றன. அதைவிடக் கொடியது, ஆலையில் பாதி எந்திரங்கள் நின்றிருந்தாலும் தண்டுகள் முழுவதும் சுழன்றே ஆகவேண்டியிருந்தது. ஒரு பகுதியில் மட்டும் வேலை நடந்தால் அப்பகுதிக்காக ஆலை முழுவதன் இரும்பையும் உருட்ட வேண்டும். கொதிகலனுக்குக் கரி தள்ளுவோரின் திறமையும், தாங்கிகளுக்கு எண்ணெய் விடுவோரின் கவனமுமே அன்றைய ஆற்றல் சிக்கனம். எந்த எந்திரம் எவ்வளவு தின்கிறது என்று அறிய வழியே இருக்கவில்லை.

இந்நிலையை மாற்றியது நீலகிரியின் நீர். 1923 முதல் 1928 வரை சென்னை ஆளுநரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினராக இருந்த சி. பி. இராமசாமி ஐயர் ஊக்கி வளர்த்த பைக்காரா நீர்மின் திட்டத்தை, மாகாண அரசின் மின்துறைப் பொறியாளர் ஹோவர்டு முன்னின்று நிறைவேற்றினார். பைக்காரா ஆற்றின் நீரை மலைமேல் தடுத்து, கிளன்மார்கனிலிருந்து ஏறத்தாழ 3000 அடி கீழே சிங்காராவில் அமைந்த மின்நிலையத்துக்குக் குழாய்கள் வழியே இறக்கினர். உலகில் அன்று இயங்கிய நீர்மின் நிலையங்களுள் மிக உயரத்திலிருந்து நீரை வீழ்த்தியவற்றில் அதுவும் ஒன்று. 1932இல் அது மின்சாரம் தரத் தொடங்கியது. கம்பிகள் முதலில் நாடிச் சென்ற பெருநகர் கோயம்புத்தூர். அடுத்து மேட்டூரும் (1937) பாபநாசமும் (1944) சேர்ந்தன. தென்னிந்திய ஆலை அதிபர்களின் சங்கமாகிய சைமா 1933இலேயே கோவையில் உருவானதும், அந்தப் பத்தாண்டில் பீளமேடு, சிங்காநல்லூர் வழியாகப் புதிய ஆலைகள் வரிசையாக எழுந்ததும் தற்செயலானவை அல்ல. உலகப் பொருளாதார மந்தம் நிலவிய காலத்தில், பிற இடங்களில் ஆலைகள் கதவடைத்துக் கொண்டிருந்தபோது ஒரு மாவட்டம் நூற்பாலைகளைக் கட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு, இறக்குமதித் துணிக்கு விதித்த பாதுகாப்பு வரியும் மலிந்த பஞ்சும் எவ்வளவு காரணமோ, பைக்காராவும் அவ்வளவு காரணம்.

புதிய ஆலைகளுக்குப் புகைபோக்கி தேவைப்படவில்லை. ஆனால் பழைய பழக்கம் உடனே விலகிவிடவுமில்லை. தொடக்கத்தில் பல ஆலைகளில், எஞ்சின் நின்ற இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை நிறுத்தி, அதே கூரைத் தண்டுகளையும் பெல்ட்டுகளையும் ஓட்டினர். ஒரு மோட்டார் பல எந்திரங்களைக் கூட்டாக இயக்கும் இம்முறையில் கரிக்குப் பதில் மின்சாரம் வந்ததே தவிர, தண்டுகளின் உராய்வு அப்படியே தொடர்ந்தது. ஒவ்வோர் எந்திரத்துக்கும் தனி மோட்டார் என்னும் முறை மெல்லமெல்லவே பரவியது. மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததும் தாமதத்துக்கு ஒரு காரணம். 1930களின் பிற்பகுதியில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையிலேயே மோட்டார் செய்து காட்டியதும், பின்னர் அந்நகரின் பட்டறைகள் மோட்டாரையும் பம்பையும் தம் தொழிலாகவே கொண்டதும் இத்தடையைப் பெரிதும் தளர்த்தின. தனி மோட்டார் வந்தபோது இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன: நிற்கும் எந்திரம் ஆற்றலைத் தின்பது நின்றது, ஒவ்வோர் எந்திரத்தின் கம்பியிலும் மீட்டரைப் பொருத்தி அதன் பசியைத் தனியே அளக்க முடிந்தது. முதல் பயன் அன்றே புரிந்துவிட்டது. இரண்டாவதைப் பயன்படுத்திக்கொள்ள மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அத்தாமதத்துக்குக் காரணம் மின்சாரம் மலிவாக இருந்ததே. மலையிலிருந்து விழும் நீருக்கு எரிபொருள் செலவு இல்லை. அணைக்கும் குழாய்க்கும் போட்ட முதலுக்கு வருவாய் தேடவேண்டிய அரசு, மின்சாரத்தை வாங்குவோரை வரவேற்றது. ஆனால் நீர்மின்சாரம் பருவமழையின் பிள்ளை. இரண்டு மழை பொய்த்தால் அணைகள் வற்றும். அணை வற்றினால் வெட்டு வரும். சுதந்திரத்துக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஆலைகள் மட்டுமின்றிக் கொங்கு நாட்டுக் கிணறுகளில் இறங்கிய பம்புசெட்டுகளும் அதே மின்சாரத்தையே நம்பியிருந்தன. ஆகவே வறட்சி ஆண்டுகளில் தேவை மிகுந்த அதே வேளையில் வரத்து சுருங்கியது. 1970களில் கோவை மாவட்ட உழவர்கள் மின்கட்டண உயர்வை எதிர்த்து நடத்திய போராட்டங்களையும், அதே ஆண்டுகளில் ஆலைகள் அனுபவித்த மின்வெட்டையும் தனித்தனி வரலாறுகளாக எழுதுவது வழக்கம். இரண்டும் ஒரே அணைகளின் நீர்மட்டத்தைப் பற்றியவை என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அளவையியலின் வரவு இந்தப் பின்னணியில் நிகழ்ந்தது. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், ஆலைக்காரர்கள் சொல்லும் பெயரில் சிட்ரா, 1956இல் ஆலைகளின் கூட்டு முயற்சியாலும் நடுவண் அரசின் துணையாலும் கோவையில் நிறுவப்பட்டது. அகமதாபாத்தில் 1947இல் தோன்றிய அட்டிரா அதற்கு முன்னோடி. பஞ்சின் கழிவு, நூலின் அறுவு, ஆளுக்கு இத்தனை கதிர் (நூலை முறுக்கும் சுழல்தண்டு) என்னும் வேலைப்பளு ஆகியவற்றில் தொடங்கிய சிட்ராவின் ஆய்வு, காலப்போக்கில் ஆற்றலையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. அதன் முறை எளிது, ஆனால் துணிவானது. ஒன்றோடொன்று போட்டியிடும் ஆலைகளிடமிருந்து அவற்றின் செலவுக் கணக்குகளைத் திரட்டி, ஆலையின் பெயரை மறைத்துக் குறியீட்டு எண்ணை மட்டும் இட்டு, எல்லோருக்கும் ஒரே பட்டியலாக அனுப்பினர். தன் எண் எதுவென்று ஒவ்வோர் ஆலையும் அறியும். பிறர் எண் யாருடையதென்று அறியாது. பக்கத்து ஆலை தன்னைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதே நூலை நூற்கிறது என்பதை அச்சிட்ட தாளில் கண்ட மேலாளருக்கு வேறு உபதேசம் தேவைப்பட்டிராது. கொங்கு வட்டாரத்தின் ஆற்றல் சிக்கனத்தில் எந்த ஒரு எந்திரத்தையும்விட இந்தப் பட்டியலே பெரிய கருவி எனக் கொள்ள இடமுண்டு.

ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவு வேண்டும். ஒரு கிலோ நூல் நூற்க எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்பதே அது. ஆலைகளில் இதனை யூ.கே.ஜி. என்பர். யூனிட் என்பது ஒரு கிலோவாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. ஆனால் ஆலைகள் எல்லாம் ஒரே நூலை நூற்பதில்லை. நூலின் மென்மையைக் குறிக்கும் எண், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டம் எத்தனை அடங்கும் என்பதாகும்; நாற்பதாம் நம்பர் நூலென்றால் ஒரு பவுண்டில் நாற்பது சிட்டங்கள். எண் ஏற ஏற நூல் மெலியும்; மெலிந்த நூலில் ஒரு கிலோ சேர அதிக நேரமும் அதிக முறுக்கும் வேண்டும். எண்பதாம் நம்பருக்கு நாற்பதாம் நம்பரைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட மின்சாரம் ஆகும். ஆகவே வெவ்வேறு நம்பர்களை நூற்கும் ஆலைகளின் செலவையெல்லாம் நாற்பதாம் நம்பருக்கு மாற்றிக் கணக்கிட்டு, அதன்பின் ஒப்பிடும் முறையைச் சிட்ரா கைக்கொண்டது. இந்தத் திருத்தம் இல்லாதவரை, தடித்த நூல் நூற்ற ஆலை தன்னைச் சிக்கனமானதென்று எண்ணிக்கொள்ளவும், மெல்லிய நூல் நூற்ற ஆலை தன் ஊதாரித்தனத்துக்கு நம்பரைக் காரணம் சொல்லவும் வழி இருந்தது.

எங்கே மின்சாரம் போகிறது என்று எந்திரவாரியாக அளந்தபோது, எல்லா ஆலைகளிலும் விடை ஒன்றாகவே வந்தது. பஞ்சை உதிர்த்துத் தூய்மை செய்யும் புளோரூம், சிக்கெடுக்கும் கார்டிங், பட்டையாக இழுக்கும் டிராயிங், திரியாக்கும் சிம்ப்ளெக்ஸ் ஆகியவற்றையெல்லாம் சேர்த்தாலும், இறுதியில் நூலாக முறுக்கும் ரிங் பிரேமுக்கு ஈடாகவில்லை. ஆலையின் மொத்த மின்செலவில் பாதிக்கும் மேற்பட்டது அங்கேதான் போயிற்று. காரணம் ரிங் பிரேமின் வேலைத்தன்மையில் இருக்கிறது. கதிர் ஒரு சுற்றுச் சுற்றினால் நூலில் ஒரு முறுக்கு ஏறும். நாற்பதாம் நம்பர் நூல் ஒரு கிலோவை நீட்டினால் ஏறத்தாழ 68 கிலோமீட்டர் போகும். பாவுக்கு உரிய நூலில் ஓர் அங்குலத்துக்கு 26 முறுக்கு என்று கொண்டால், அந்த ஒரு கிலோவுக்காகக் கதிர்கள் ஏறத்தாழ ஏழு கோடி முறை சுழன்றாக வேண்டும். இந்த ஏழு கோடியில் ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. குறைத்தால் நூல் வலுவிழக்கும். ரிங் முறையில் நூற்கும்வரை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஆகும் செலவைக் குறைப்பதொன்றே வழி.

ஆகவே பொறியாளர்களின் கவனம் கதிரைச் சுற்றியுள்ள சிறுசிறு பொருள்கள்மேல் திரும்பியது. ரிங் பிரேமின் அடியில் ஓடும் உருளையிலிருந்து ஒரு நாடா நான்கு கதிர்களைச் சுற்றி வந்து அவற்றைத் திருப்பும். அந்த நாடா முன்பு தடித்த பருத்தியில் நெய்ததாக இருந்தது. அதை மெல்லிய செயற்கை இழை நாடாவாக மாற்றியபோது, ஒவ்வொரு கப்பியிலும் மடங்கி நிமிர்வதில் வீணான ஆற்றல் குறைந்தது. கதிரின் இடுப்பில் நாடா பற்றும் சிறு கப்பியாகிய வார்வின் விட்டத்தைச் சுருக்கினால், அடியிலுள்ள உருளை மெதுவாகச் சுழன்றாலே கதிருக்கு அதே வேகம் கிடைக்கும்; நாடாவின் ஓட்டமும் தணியும். இருபத்தைந்து மில்லிமீட்டரை ஒட்டியிருந்த வார்வுகள் இருபதுக்கும் கீழே இறங்கின. கதிரின் எடை குறைந்தது. கதிர் நிற்கும் கிண்ணத்தில் ஊற்றும் எண்ணெயின் பிசுபிசுப்புக்கூட ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. கெட்டியான எண்ணெயை நீர்த்த எண்ணெயாக மாற்றினால் எந்திரத்தின் ஆம்பியர் முள் கண்ணெதிரே சற்று இறங்குவதைப் பிட்டர்கள் கண்டனர். அறுந்த இழையின் பஞ்சை உறிஞ்சும் நியூமாபில் விசிறி மற்றொரு திருடனாக வெளிப்பட்டது. கனத்த அலுமினிய இறக்கைகளுக்கு மாற்றாகக் கண்ணாடி இழையாலான இலேசான இறக்கைகள் வந்தன. அறுவு குறைந்த ஆலையில் அவ்வளவு பெரிய விசிறியே தேவையில்லை என்றும் தெரிந்தது. நூல் அறுவைக் குறைப்பதும் மின்சிக்கனமே என்னும் இத்தொடர்பு, பராமரிப்பையும் மின்பொறியியலையும் தனித்தனிப் பிரிவுகளாக நடத்தி வந்த ஆலைகளில் எளிதில் ஏற்கப்பட்டதன்று.

இந்த மாற்றங்களில் எதுவும் தனித்து நின்றால் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்னும் அளவுக்கு மேல் மிச்சப்படுத்தியதில்லை. எல்லாம் கூடியபோது பலன் கணிசமானது. அவ்வாறாயின், பத்தாண்டு தோறும் சிக்கனமான எந்திரங்களை வாங்கிய ஆலைகளில் ஒரு கிலோவுக்கான செலவு அதே விகிதத்தில் சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை. இதற்கான விடை வேகத்தில் உள்ளது.

1930களில் கோவைக்கு வந்த பிளாட் பிரதர்ஸ் போன்ற லங்காஷயர்க் கம்பெனிகளின் ரிங் பிரேம்களில் கதிர்கள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் குறைவாகவே சுழன்றன. 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் கோவையில் எந்திரம் செய்யத் தொடங்கிய பின் வேகம் படிப்படியாக ஏறி, இன்று இருபதாயிரத்தைத் தாண்டி நிற்கிறது. கதிரில் சுற்றிய நூற்கட்டு காற்றைக் கிழித்துச் சுழல்வதற்கு ஆகும் திறன், வேகத்தின் ஏறத்தாழ மும்மடிப் பெருக்கத்தில் உயரும் என்பது இயற்பியல். வேகத்தைப் பத்துச் சதவீதம் கூட்டினால் உற்பத்தி பத்துச் சதவீதம் கூடும்; காற்றுக்காகச் செலவாகும் திறனோ முப்பத்துமூன்று சதவீதம் கூடும்; ஆக ஒவ்வொரு சுற்றுக்கும், எனவே ஒவ்வொரு கிலோவுக்கும், அந்தப் பகுதிச் செலவு இருபத்தொரு சதவீதம் ஏறும். நூற்கட்டின் பருமனைக் குறைத்தால் இத்தடை மிக விரைவாகத் தணியும். ஆனால் சிறிய கட்டென்றால் அடுத்த எந்திரத்தில் முடிச்சுகள் மிகும். முடிச்சு இடாமல் இரு முனைகளைக் காற்றால் பின்னி இணைக்கும் ஸ்பிளைசர், நூற்கட்டுகளிலிருந்து நூலைக் கூம்புகளில் சுற்றும் அந்த எந்திரமாகிய ஆட்டோகோனரில் வந்த பிறகே, நூற்கட்டைச் சூழ்ந்த வளையத்தின் விட்டத்தைச் சுருக்க ஆலைகள் துணிந்தன. அச்சுருக்கத்தில் கிடைத்த மிச்சமும் மேலும் வேகமாகவே மாறியது.

இதனை ஆலை அதிபர்களின் பேராசை என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. எந்திரத்தின் விலையும் வங்கி வட்டியும் பெருகிய காலத்தில், ஒரு கதிரிலிருந்து அதிக நூல் எடுப்பதே கடனை அடைக்கும் வழியாக இருந்தது. 1999இல் நடுவண் அரசு தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டம் வட்டியில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு, புதிய எந்திரங்களை வாங்க ஊக்குவித்தது. ஆயினும் வரலாறு எழுதுவோர் ஒன்றைத் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும்: எந்திரத்தின் திறன் உயர்ந்தது, ஆற்றலின் மொத்தச் செலவு குறையவில்லை. ஒரு சுற்றுக்கு மிச்சப்படுத்தியதை மேலும் பல சுற்றுகளாகச் செலவழித்தனர்.

வேகம் ஏறியதன் மற்றொரு விளைவு வெப்பம். மோட்டாருக்குள் போகும் மின்சாரம் அனைத்தும், நூலில் தங்கும் நுண்ணிய பங்கு நீங்கலாக, இறுதியில் அந்த அறையின் வெப்பமாகவே வெளிப்படும். பருத்தி நூற்க வறண்ட காற்று ஆகாது. ரிங் பிரேம் பகுதியில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதத்துக்குக் குறைந்தால் இழை மின்னேற்றம் பெற்றுச் சிலிர்த்து அறுபடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று கோவைக்கு இயற்கை தந்த உதவி. ஆனால் கதவடைத்த ஆலைக்கு அது போதாது. ஆகவே காற்றை இழுத்து நீர்த்தூவலில் நனைத்துக் குழாய்கள் வழியே அனுப்பும் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் ஒவ்வோர் ஆலையிலும் உண்டு. மின்செலவில் ரிங் பிரேமுக்கு அடுத்த பெருந்தீனிக்காரன் பெரும்பாலும் இதுவே. விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அதன் மின்செலவு ஏறத்தாழ பாதியாகும் என்பதால், மோட்டாரின் வேகத்தை வேண்டியவாறு மாற்றும் இன்வெர்ட்டர் டிரைவ் என்னும் மின்னணுக் கருவி இங்குதான் மிகுந்த பலன் தந்தது. மழைநாளிலும் சித்திரை வெயிலிலும் ஒரே வேகத்தில் ஓடிவந்த விசிறிகள், ஈரமானியின் சொற்படி ஓடத் தொடங்கின.

இவ்விடத்தில் ஒரு கவலையும் எழுகிறது. ஈரமானி நூலுக்கு வேண்டியதை அளக்கிறது. அங்கே ரிங் பிரேம்களைப் பார்த்தபடி எட்டு மணி நேரம் நடக்கும் ஆளுக்கு வேண்டிய காற்றை எந்தக் கருவியும் அளப்பதில்லை. ஈரப்பதம் சரியாக இருக்கும்போது விசிறியைத் தணித்தால் நூல் அறாது. ஆனால் அறையின் வெப்பமும் பறக்கும் பஞ்சுத் துகளும் வெளியேறுவது குறையும். ஒரு கிலோவுக்கு இத்தனை யூனிட் என்னும் கணக்கில் இந்தச் சுமைக்கு இடமில்லை. காற்றின் மாற்று எண்ணிக்கையைத் தொழிலாளரின் மூச்சையும் கருதி முடிவு செய்த ஆலைகளும் உண்டு, கருதாதவையும் உண்டு. சிக்கனத்தின் பட்டியலில் இரண்டாம் வகை ஆலை மேலிடத்தில் நிற்கக்கூடும் என்பது அந்த அளவையின் குறை.

ஆலைகளை மறுபடியும் உலுக்கியது 2008 முதல் தமிழ்நாட்டைப் பீடித்த மின்பஞ்சம். உயரழுத்த மின்நுகர்வோருக்கு 40 சதவீதம் வரை வெட்டு விதிக்கப்பட்டது. மாலையின் உச்சநேரத்தில் விளக்கெரிக்க வேண்டிய அளவுக்கு மேல் மின்வாரியத்திலிருந்து எடுக்கக் கூடாது என்னும் கட்டுப்பாடும் வந்தது. ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் டீசல் எரித்தால் மூன்றரை யூனிட் அளவே கிடைக்கும். அம்மின்சாரத்தின் விலை வாரியத்தின் விலையைப்போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. அதுவரை மூன்று ஆண்டுகளில்தான் போட்ட முதலை மீட்டுத்தரும் என்று ஒதுக்கிவைத்த சிக்கன வேலைகள், டீசல் விலையில் கணக்கிட்டபோது ஓராண்டிலேயே மீட்டுத் தந்தன. அழுத்தக் காற்றின் கசிவுகளைச் சோப்பு நுரை பூசித் தேடி அடைத்தல், கம்ப்ரசரின் அழுத்தத்தை ஒரு பார் இறக்கி நூற்றுக்கு ஆறு, ஏழு மிச்சப்படுத்தல், குழல்விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுதல் ஆகியவை அந்த ஆண்டுகளில் பரவலாயின. சிக்கனம் என்பது அப்போது இலாபத்துக்கான வழி என்பதைவிட, இரவு ஷிப்டை ஓட்டுவதற்கான வழியாக இருந்தது.

இக்காலத்துக்கு வெகு முன்பிருந்தே ஆலைகள் மற்றொரு பாதையிலும் நடந்தன. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அரசின் முன்மாதிரிக் காற்றாலைப் பண்ணை நிறுவப்பட்ட பின்பு, வருமானவரியில் கிடைத்த விரைவுத் தேய்மானச் சலுகையை முன்னிட்டு, கோவை நூற்பாலைகள் முப்பந்தலிலும் உடுமலை, பல்லடம் பகுதிகளிலும் காற்றாலைகளை நட்டன. ஆலை அதிபர் தம் மின்சாரத்தைத் தாமே உற்பத்தி செய்யும் பெருமையைப் பெற்றார். ஆனால் இது சிக்கன வரலாற்றின் பகுதி அன்று, வேறொன்று. சொந்தக் காற்றாலையின் மின்சாரத்தையும் ஊதாரித்தனமாகச் செலவழிக்க இயலும்.

சட்டம் இறுதியாகவே வந்தது. 2001இன் ஆற்றல் சேமிப்புச் சட்டமும், அதன்கீழ் 2002இல் இயங்கத் தொடங்கிய ஆற்றல் திறன் பணியகமும், பெருமளவு ஆற்றல் நுகரும் தொழிற்சாலைகளைக் குறிப்பிட்ட நுகர்வோராக அறிவித்து, சான்றிதழ் பெற்ற தணிக்கையாளரைக்கொண்டு ஆற்றல் தணிக்கை செய்யவும், ஆற்றல் மேலாளரை அமர்த்தவும் பணித்தன. 2012இல் தொடங்கிய பாட் எனப்படும் திட்டம் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் மூன்றாண்டு இலக்கு வகுத்தது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவர் சான்றிதழ் பெற்று, எட்டாதவருக்கு அதை விற்கலாம் என்றாயிற்று. முதற்சுற்றில் எட்டுத் தொழில்களைச் சேர்ந்த 478 ஆலைகள் இருந்தன. அவற்றுள் 90 ஜவுளி ஆலைகள். சிட்ராவின் பெயர் மறைத்த பட்டியல் விருப்பத்தின்பேரில் செய்ததை, இத்திட்டம் சட்டத்தின் வலுவோடு செய்ய முனைந்தது எனலாம்.

ஆனால் இச்சட்டத்தின் வாயில் கோவைக்கு மிக உயரமானது. ஜவுளித் தொழிலில் ஆண்டுக்கு 3000 டன் எண்ணெய்க்கு நிகரான ஆற்றல் நுகரும் ஆலையே முதலில் அதன் வரம்புக்குள் வந்தது. மின்சாரத்தில் கணக்கிட்டால் அது ஏறத்தாழ மூன்றரைக் கோடி யூனிட். நாற்பதாம் நம்பரை ஒட்டி நூற்கும், முப்பதாயிரம் கதிர் கொண்ட ஆலையொன்று அதில் பாதி அளவையே பயன்படுத்தும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள நூற்பாலைகளில் பெரும்பாலானவை இத்தகையவை, அல்லது இவற்றினும் சிறியவை. பெரிய ஆலைகளுக்குச் சிக்கனம் முழுநேரப் பொறியாளரின் வேலை; சிறிய ஆலையிலோ மின்பராமரிப்பு பார்க்கும் ஓர் எலக்ட்ரீசியனே எல்லாம். அங்கு எரிந்துபோன மோட்டாரைப் புதிதாக மாற்றாமல் காயில் கட்டி மறுபடியும் ஓட்டுவதே வழக்கம். பழைய கம்பியைத் தீயிட்டு எடுக்கையில் இரும்புத் தகடுகள் சூடேறிக் கெட்டால், ஒவ்வொரு முறையும் மோட்டாரின் திறன் சற்றே குன்றும். இரவு பகலாக ஓடும் மோட்டார் தன் விலைக்குச் சமமான மின்சாரத்தைச் சில வாரங்களிலேயே தின்றுவிடும் என்பதால், காயில் கட்டும் கூலியில் கண்ட மிச்சம் மாதாந்திர மின்கட்டணத்தில் கரைந்துபோகிறது. ஆனால் புதிய மோட்டாருக்கான பணம் இன்று வேண்டும், கட்டணமோ தவணையாகப் போகிறது. சிட்ராவின் தணிக்கைக் குழுக்களும் மாவட்டத் தொழில் அமைப்புகளும் இந்த ஆலைகளுக்காக நடத்தும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப எதிர்கொள்வது இந்த முடிச்சையே. அதை அவிழ்க்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. சிறிய ஆலைக்கு மோட்டாரைத் தவணையில் தந்து, மின்கட்டண மிச்சத்திலிருந்தே அதை மீட்டுக்கொள்ளும் கடன் ஏற்பாடு போதும். பெரிய ஆலைகளுக்கு எந்திரம் வாங்க வட்டியைத் தாங்கிய அரசு, இச்சிறு ஆலைகளின் மோட்டாருக்கும் அதே கையை நீட்டியிருக்க வேண்டும்.